பழைய பிரஸ், புதிய பிரஸ்: தோட்டாவை மறுபடி நிரப்பும் இயந்திரங்கள், ஓர் எளிய அறிமுகம்

துப்பாக்கி வெடித்ததும் பறந்து போவது குண்டு மட்டும்தான். வெடிமருந்து எரிந்து தீர்கிறது, அதைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் செத்துவிடுகிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் தாங்கியிருந்த பித்தளைக் கூடு முழுசாக மிஞ்சுகிறது. பெரும்பாலும் ஒரு தோட்டாவில் விலை கூடிய பாகமே அந்தக் கூடுதான். அதைப் பொறுக்கி எடுத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதற்குப் பெயர் ரிலோடிங். சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், இலக்குப் பார்த்துச் சுடுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் 1870கள் தொட்டே தங்கள் கையால் செய்துவரும் வேலை இது.

இதற்குப் புதிதாக வருபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது பிரஸ் பற்றிய கேள்வியில். ஒரு பக்கம், யாரோ ஒருவரின் தாத்தா பயன்படுத்தி மூலையில் போட்டுவைத்த, வண்ணம் உரிந்த வார்ப்பிரும்புப் பிரஸ். இன்னொரு பக்கம், ஐந்து டை (கூட்டை வடிவமைக்கும் எஃகு அச்சு) மாட்டிப் பளபளக்கும் புது இயந்திரம். பழசை வாங்கி ஏமாந்துவிடுவோமோ, புதுசை வாங்கி வீணாகச் செலவழிக்கிறோமோ என்ற குழப்பம் இயல்பானதுதான். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: பிரஸ்ஸில் இரும்பு பழசாவதில்லை. பழசாவது அதைச் சுற்றியுள்ள சில்லறைப் பாகங்கள். பிரைமரை ஊட்டும் கை, கூட்டைக் கவ்வும் பிடி, செத்த பிரைமர் போய் விழும் இடம், இப்படி. ஒப்பிடுகிறவர் கண் அங்கேதான் போக வேண்டும்.

பிரஸ் என்ன செய்கிறது?

மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கனமான சட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சட்டத்தின் தலையில் மரையிட்ட துளை இருக்கிறது. டை என்ற எஃகு அச்சை அதில் திருகி மாட்டுகிறோம். கீழே மேலும் கீழும் போய்வரும் தடித்த தண்டுக்கு ராம் என்று பெயர். ராமின் உச்சியில் ஷெல் ஹோல்டர் என்ற சின்னப் பிடி, கூட்டின் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால் ராம் ஏறி, கூட்டை டைக்குள் தள்ளும். அடிப்படை அவ்வளவுதான்.

ஒரு .308 ரைபிள் கூட்டை எடுத்துப் பார்ப்போம். சுடும்போது அழுத்தத்தில் ஊதி, துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்துபோயிருக்கும். அதன் மேல் விரலால் மெல்லிசாக மசகு தடவி, ஷெல் ஹோல்டரில் செருகி, கைப்பிடியை இழுக்கிறோம். முதலில் கை எதையும் உணராது. அப்புறம் கூட்டின் உடல் டையின் சுவரைத் தொடும், கைப்பிடி கனக்க ஆரம்பிக்கும். இழுப்பின் கடைசியில், டையின் நடுவே இருக்கும் ஊசி கூட்டின் அடித்துளை வழியாகச் செத்த பிரைமரை ‘டக்’ என்று வெளியே தள்ளும். கைப்பிடியைத் திரும்ப உயர்த்தும்போது கழுத்தில் ஒரு சின்ன இழுப்பு தெரியும். ஊசியோடு இருக்கும் சிறு உருண்டை, கழுத்தின் உள்விட்டத்தைச் சரி செய்துகொண்டு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

மசகு தடவ மறந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். முரட்டுத்தனமாக இழுத்தால் அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிடும். பிறகு கூட்டின் அடியைத் துளைத்து, அதில் மரை வெட்டி, போல்ட் போட்டு இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் பழைய பிரஸ், புதிய பிரஸ் என்ற பேதமே கிடையாது.

அளவுக்குக் கொண்டுவந்த கூட்டில் புதுப் பிரைமரை அழுத்துவது, மருந்தை அளந்து கொட்டுவது, குண்டை உட்கார வைப்பது, தேவைப்பட்டால் வாயை இறுக்குவது என்று மற்ற வேலைகள் வரிசையாக வரும். எவ்வளவு மருந்து என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் பிரஸ்ஸுக்கு எந்தப் பங்கும் இல்லை.

கனத்த பித்தளையை ஒரு கை இழுப்பில் நசுக்க அவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது? கைப்பிடிக்கும் ராமுக்கும் நடுவில் உள்ள இணைப்புக் கைகளிலிருந்து. முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்த நிலையில் தலையில் பாரம் ஏற்றினால் எழுந்திருப்பது கஷ்டம். கால் கிட்டத்தட்ட நேராகிவிட்டால் அதே பாரம் பெரிதாகத் தெரியாது. பிரஸ்ஸின் இணைப்புக் கைகளும் அப்படித்தான். இழுப்பின் தொடக்கத்தில் மடங்கியிருக்கும். முடிவை நெருங்க நெருங்க நேராகும். நேராக நேராக, கை கொடுக்கும் சிறு விசை ராமில் பல மடங்காகப் போய்ச் சேரும். கூடு அதிகமாக எதிர்க்கும் இடமும் அதே கடைசிப் பகுதிதான் என்பது இந்த அமைப்பின் அழகு. இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய பிரஸ்ஸிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

குறட்டிலிருந்து சட்டத்துக்கு

முதலில் பிரஸ்ஸே கிடையாது. அமெரிக்கக் காட்டெருமை வேட்டைக் காலத்தில் கையில் பிடித்து அழுத்தும் குறடுதான் இருந்தது. பாக்குவெட்டி மாதிரி ஒரு முனையில் கீல், மறுமுனையில் இரண்டு கைப்பிடி. ஜான் பார்லோ என்பவர் 1884இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இந்தக் குறடுகளுக்குப் பேர்போனது. அந்த நிறுவனத்தை 1925இல் லைமன் என்ற நிறுவனம் வாங்கியது. லைமனின் 310 என்ற குறட்டைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகலாம். ஆனால் ரைபிள் கூட்டின் முழு உடலையும் நசுக்கும் பலம் அதற்குக் கிடையாது. கழுத்தை மட்டும் சரி செய்யும். அதே துப்பாக்கியில் திரும்பச் சுடுகிறவருக்கு அது போதுமாக இருந்தது.

முழுக் கூட்டையும் நசுக்க மேசையில் நிற்கும் இயந்திரம் தேவைப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் பசிபிக் கன் சைட் நிறுவனம் செய்த பிரஸ்கள் 1930களில் அந்த இடத்தைப் பிடித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன் 1943இல் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். சுட்டுத் தீர்ந்த .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாவின் கூடுகளையே நசுக்கி, குண்டுக்கு மேலுறையாக்கும் அச்சுகள் அவர் சரக்கு. மலைப் பாறைகளில் திரியும் ‘ராக் சக்’ என்ற கொறிணியைச் சுடுவதற்கான குண்டு என்பதால் ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர் வைத்தார். அதன் சுருக்கம்தான் ஆர்.சி.பி.எஸ். இன்றைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு நேரத்தில் ஒரு டை மட்டும் மாட்டுவது) என்றவுடன் பலர் மனதில் முதலில் வருவது அதே நிறுவனத்தின் பச்சை நிற ராக் சக்கர்தான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு ஒன்று உண்டு. 1958இல் ரிச்சர்ட் லீ விற்க ஆரம்பித்த லீ லோடரில் பிரஸ்ஸே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சில எஃகுத் துண்டுகள், கூட ஒரு மரச் சுத்தியல். தட்டித் தட்டியே தோட்டா செய்துவிடலாம். சத்தம்தான் தாங்காது.

சட்டத்தின் வடிவம்

பழைய பிரஸ்களில் நிறைய ஆங்கில ‘சி’ எழுத்து வடிவத்தில் இருக்கும், முன்பக்கம் முழுக்கத் திறந்தபடி. கை தாராளமாக உள்ளே போய்வரும், வேலை வேகமாக நடக்கும். பிற்காலத்து வலுவான பிரஸ்கள் ‘ஓ’ வடிவம், அதாவது மூடிய வளையம். ஒரு வளையத்தில் ஓரிடத்தை அறுத்துவிட்டு உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள், வாய் பிளக்கும். அறுக்காத வளையம் அவ்வளவு சுலபத்தில் அசையாது.

சரி, ஒரு மயிரிழை பிளந்தால் என்ன கெட்டுவிடும்? கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அநேகமாக ஒன்றும் கெடாது. .38 ஸ்பெஷல் மாதிரி நேரான உடல் உள்ள கூட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தோள் சரிந்து கழுத்து ஒடுங்கிய ரைபிள் கூட்டில்தான் கதை மாறுகிறது. அந்தத் தோளை ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் மட்டும் பின்தள்ள வேண்டும் என்று கவனமாகச் சுடுகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்றால் 0.025 மில்லிமீட்டர். ஒரு கூட்டில் மசகு குறைவு, அதனால் எதிர்ப்பு அதிகம், அதனால் சட்டம் கொஞ்சம் கூடுதலாகப் பிளக்கிறது, தோள் போதுமான அளவு பின்போகவில்லை. அடுத்த கூட்டில் மசகு தாராளம், தோள் அதிகமாகப் பின்போய்விடுகிறது. சட்டம் வளைவது பெரிய குற்றம் இல்லை. ஒவ்வொரு இழுப்பிலும் வேறு வேறு மாதிரி வளைவதுதான் பிரச்சினை.

இங்கே பழசு மோசம், புதுசு உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மினசோட்டா மாநிலத்தின் ஹெர்ட்டர்ஸ் விற்ற பழைய பிரஸ்களைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு வார்ப்பிரும்பை இன்று யாரும் கொட்ட மாட்டார்கள். இன்றைய மலிவான பிரஸ்களில் பல அலுமினிய வார்ப்பு. அலுமினியம் என்றதுமே முகம் சுளிக்கத் தேவையில்லை, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது தாராளமாகப் போதும். வருஷக்கணக்கில் பெரிய ரைபிள் கூடுகளை நசுக்கினால், முதலில் அதன் இணைப்புக் கைகளைப் பிடிக்கும் முளைத் துளைகள்தான் நீள்வட்டமாகும். வார்ப்பிரும்பில் இது நடக்க ரொம்ப நாள் பிடிக்கும்.

சில்லறைப் பாகங்கள்

பழைய பிரஸ்ஸையும் புதுசையும் உண்மையிலேயே பிரிக்கும் இடம் பிரைமர்தான். பழைய பிரஸ்ஸில் பக்கவாட்டில் ஆடும் ஒரு சிறு கை இருக்கும். அதன் தலையில் ஒரு பிரைமரை விரலால் வைத்து, ராமின் பிளவுக்குள் தள்ளி, கைப்பிடியை எதிர்ப்பக்கம் அசைத்து அழுத்த வேண்டும். கூட்டை நசுக்கும் அளவு பலம் உள்ள கைப்பிடியால் பிஞ்சுப் பிரைமரை அழுத்தும்போது, அது பள்ளத்தின் அடியைத் தொட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியவே தெரியாது. இந்தக் காரணத்தால், பிரஸ் பழசோ புதுசோ, பிரைமரை மட்டும் தனிக் கைக்கருவியில் வைத்து விரல் உணர்வோடு அழுத்துகிறவர்கள் நிறைய. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

செத்த பிரைமர் இன்னொரு தொல்லை. பழைய பிரஸ்ஸில் அது ராமின் பக்கவாட்டுப் பிளவு வழியாகத் தெறித்து, பாதி கிண்ணத்தில் விழும், பாதி தரையில் ஓடும். கூடவே கரித்தூள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்தத் தூளிலும் ஈயம் உண்டு. அது ராமுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் மாதிரி உலோகத்தை அரைக்கும். இப்போதைய பிரஸ்கள் பலவற்றில் ராமின் நடுவே துளை இருக்கிறது. செத்த பிரைமர் அதன் வழியாகவே இறங்கி, ஒரு குழாயில் போய், டப்பாவில் விழுந்துவிடும். லீ கிளாசிக் காஸ்ட் என்ற பிரஸ் இதற்கு நல்ல உதாரணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் அம்சம் இல்லைதான். ஆனால் தினமும் மேசையில் உட்காருகிறவருக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

டை விஷயத்தில் அதிர்ஷ்டவசமாகப் பழசும் புதுசும் சொந்தக்காரர்கள். 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்பது பல பத்தாண்டுகளாகப் பொது அளவு. இன்று வாங்கும் டை அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிரஸ்ஸிலும் திருகும். விதிவிலக்குகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். லைமனின் ட்ரூ-லைன் ஜூனியர் பிரஸ்ஸில் துளை சிறியது, 310 குறட்டின் சிறிய டைகள்தான் அதில் போகும். ஹெர்ட்டர்ஸ் பிரஸ்களுக்கு ஷெல் ஹோல்டர் தனி ரகம், இப்போதைய பொதுப் பிடி நேரடியாகப் பொருந்தாது. புது இயந்திரங்களும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. டில்லன் நிறுவனத்தின் ஸ்கொயர் டீல் பி பிரஸ், தனக்கென்று செய்த டைகளை மட்டுமே ஏற்கும்.

டையை ஒவ்வொரு முறையும் திருகிக் கழற்றி, மறுபடி அளவு பார்த்து மாட்டுவது பழைய காலத்துச் சலிப்பு. ஹார்னடியின் லாக்-என்-லோட் அதற்கு ஒரு வழி சொன்னது: டையை ஒரு வளையத்தில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, வளையத்தோடு கொஞ்சம் திருப்பினால் கழன்றுவிடும். புத்தம் புதுசு போலத் தோன்றும் இன்னொரு யோசனை உண்மையில் பழசு. போர்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸில் டையைத் திருகவே வேண்டாம், பிளவில் பக்கவாட்டாகச் சறுக்கிவிட்டால் போதும். டையும் கூடும் சற்றே தளர்வாக மிதந்து, தங்களுக்குள் நேர்கோட்டைத் தேடிக்கொள்ளும். போனான்சா என்ற பெயரில் இது 1960களிலேயே வந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் இப்போதுதான் அந்த வழிக்கு வருகின்றன.

ஒரு இழுப்பில் ஒரு தோட்டா

நூறு கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில், மூன்று டை வைத்துச் செய்கிறோம் என்று கொள்வோம். ஒரு டைக்கு நூறு இழுப்பு, ஆக மொத்தம் 300 இழுப்பு. ஒவ்வொரு கூட்டையும் மூன்று தடவை மாட்டி மூன்று தடவை எடுக்க வேண்டும். டரட் பிரஸ்ஸில் டைகள் தலையிலேயே வட்டமாக நிற்கும். தலையைச் சுழற்றினால் அடுத்த டை வரும், கூட்டை எடுக்க வேண்டாம், ஆனால் இழுப்பின் எண்ணிக்கை குறையாது. ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸில் கீழே தட்டு சுழல்கிறது. ஒரே நேரத்தில் நாலைந்து கூடுகள் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும், ஒரு இழுப்பில் எல்லா வேலையும் ஒன்றாக நடக்கும். தட்டு நிரம்பியபின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே வரும்.

ப்ரோக்ரெசிவ் என்றால் நவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சான் டியாகோவின் ஸ்டார் மெஷின் வொர்க்ஸ் செய்த ப்ரோக்ரெசிவ் பிரஸ்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வந்துவிட்டன. பயிற்சிக்கு நிறையத் தோட்டா தேவைப்பட்ட காவல் துறைகள் அவற்றை ஓட்டின. அரிசோனாவில் மைக் டில்லன் 1980களில் செய்தது, அந்த வேகத்தைச் சாதாரண ஆளின் மேசைக்குக் கொண்டுவந்ததுதான்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சிங்கிள் ஸ்டேஜில் ஐம்பது கூடுகளை மரப் பலகையில் வரிசையாக நிறுத்தி மருந்து கொட்டுகிறோம். குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து எல்லாவற்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் மருந்து மட்டம் உயர்ந்திருந்தால் பளிச்சென்று தெரியும். ப்ரோக்ரெசிவில் அந்த நிதானம் இல்லை. எங்கோ சிக்கி, கைப்பிடியைப் பாதியில் திருப்பி, மறுபடி இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழ வாய்ப்பு உண்டு. கைத்துப்பாக்கி மருந்துகள் பல, கூட்டில் பாதி இடத்தைக்கூட அடைப்பதில்லை, அதனால் இரட்டை அளவும் வழியாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். அது துப்பாக்கியையே பிளக்கக் கூடியது. மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி வழிவரை தள்ளி நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

புது இயந்திரங்கள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. மருந்து மட்டத்தைத் தொட்டுப் பார்த்து, கூடினாலோ குறைந்தாலோ ஓசை எழுப்பும் அல்லது கைப்பிடியையே பூட்டிவிடும் டைகள் வந்துவிட்டன. கூடு இல்லையென்றால் மருந்தைக் கொட்டாத அளவிகள் இருக்கின்றன. குழாயில் அடுக்கிய பிரைமர்களில் ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கும் என்பதால், குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் போடுகிறார்கள். இத்தனை இருந்தாலும், முதல் ஆயிரம் தோட்டாக்களைச் சிங்கிள் ஸ்டேஜில் செய்து பழகியவர், ப்ரோக்ரெசிவில் கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இடறும்போது சட்டென்று நிறுத்துவார். பழகாதவர் பலத்தைக் கூட்டி அழுத்துவார். எந்தப் பிரஸ்ஸாக இருந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது.

பழசைக் கையில் எடுத்தால்

ஆகவே ஆரம்பிக்கிறவருக்குப் பழைய ‘ஓ’ வடிவச் சிங்கிள் ஸ்டேஜ் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள் என்பேன். பார்க்கும் முறையும் எளிதுதான். முதலில் சட்டத்தில் விரிசலோ, பற்றவைத்த தழும்போ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தழும்பு இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம், விலை பேச வேண்டாம். ராமை முழுக்க மேலேற்றி, உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை, கூட்டை நேராக்குவது கடைசியில் டைதான். கண்ணுக்குத் தெரிய ‘லொடலொட’ என்று ஆடினால் அந்தத் தேய்மானத்துக்கு வைத்தியம் கிடையாது. இணைப்புக் கைகளின் முளைகள் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிவிடலாம். டைத் துளைக்குள் ஒரு பொது அளவு டையைக் கையாலேயே திருகிப் பார்த்தால் மரை நிலவரம் தெரிந்துவிடும். பிரைமர் கை காணாமல் போயிருந்தால், தனிக் கைக்கருவி இருக்கும்போது அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஷெல் ஹோல்டர் பொது ரகமா என்பதை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராமின் வழவழப்பான பகுதியில் குழி விழாத வரை அது வெறும் அழுக்குதான். கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கியபின், ராமில் எண்ணெய் விட்டு, கைப்பிடியை இருபது முப்பது தடவை மேலும் கீழும் அசையுங்கள். பழைய பிரைமர் கரி கறுப்புக் கூழாகக் கசிந்து வரும். கையுறை போட்டுக்கொண்டு துணியால் துடைத்துவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு அசையுங்கள். எண்ணெய் தெளிவாக வருகிற வரைக்கும் இதைச் செய்தபின் முதல் டையை மாட்டலாம்.